ஓட்டக்காரன் காட்டிய அருவி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் மூன்று பிரௌசர்களுக்கும் பெயர் வைத்தது அப்பாதான். அந்த மூன்றின் நிஜப் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. மூன்றையும் வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஒன்றை ஏற்றி இன்னொன்றை இறக்கிப் பேசி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தவிர, நடந்ததில் அவற்றின் தப்பு எதுவும் கிடையாது. தப்பு செய்தது நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தென்காசியில் வீட்டிலிருந்தபடியே லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. ஒரு பக்கத்தைச் செய்து முடித்ததும், அது எந்தப் பிரௌசரில் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை அளக்க கம்ப்யூட்டருக்குள்ளேயே வசதி உண்டு. அப்பாவுக்கு மட்டும் அதில் நம்பிக்கை கிடையாது. அவர் போலீஸில் இருந்தவர். பயிற்சிக்கு வரும் புதுப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டு நேரம் குறிப்பதிலேயே சர்வீஸில் பாதி போயிற்று. ரிட்டையர் ஆன அன்று விசிலையும் பெல்ட்டையும் ஒப்படைத்தவர், சொந்தமாக வாங்கிய ஸ்டாப்வாட்சை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த ஸ்டாப்வாட்சோடு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். "ரெடியா?" என்பார். நான் கிளிக் செய்வேன், அவர் பட்டனை அமுக்குவார். பக்கம் முழுவதும் வந்ததும் மறுபடி அமுக்கி, வினாடியை உரக்கச் சொல்லுவார். வீட்டுக்குள் போலீஸ் ஆள் எடுப்பு நடக்கிறது என்று அம்மா கேலி செய்வாள்.

எப்போதும் முதலில் வருவதற்கு அப்பா வைத்த பெயர் ஓட்டக்காரன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு நிதானமாக வருவது ஏட்டையா. "ஸ்டேஷனுக்கு எத்தன தடவ போனாலும் பேரு, ஊரு, அப்பன் பேருன்னு மொதல்ல இருந்து கேப்பாருல்லா, அந்த மாதிரி" என்றார். மூன்றாவதை நான் வேலை நடக்கும்போது திறந்தால் மூடவே மாட்டேன். அது திறந்த நேரத்தில் கண்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். அது, ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர். எழுதினால் எழுதினதுதான், அடித்தல் திருத்தல் கிடையாது.

உண்மையில் இந்தக் குணமெல்லாம் பிரௌசர்களுடையதே அல்ல. நான் வைத்த குணங்கள். ஒரு பக்கத்தை ஒருமுறை திறந்தால் பிரௌசர் அதில் ஒரு பிரதியைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வெப்சைட் வரை போகாமல் அந்தப் பிரதியையே நீட்டிவிடும். சோதனைக்காக ஏட்டையாவிடம் மட்டும் பிரதி எடுத்து வைக்காதே என்று சொல்லி வைத்திருந்தேன். ரைட்டர் மூடும்போது எல்லாவற்றையும் மறந்துவிடும்படி அமைத்திருந்தேன். ஓட்டக்காரனை, ஊர் ஜனங்கள் வைத்திருப்பதுபோல, எதையும் தொடாமல் விட்டிருந்தேன். இரண்டு பேர் காலில் கல்லைக் கட்டிவிட்டு மூன்றாமவன் ஜெயித்தான் என்று சொல்வது போலத்தான். அந்தப் போட்டியே சரியில்லை. வருஷக்கணக்காக அதே போட்டியை நடத்திக்கொண்டிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

குற்றாலத்தில் மெயின் அருவிக்கு எதிரே ஒரு லாட்ஜ். அதை நடத்தும் அண்ணாச்சி அப்பாவுக்குப் பழக்கம். சீசன் வந்துவிட்டால் அவருக்கு வருகிற போனில் பாதி ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?" கேரளாவிலிருந்து கேட்பார்கள், மதுரையிலிருந்து கேட்பார்கள், காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மொட்டை மாடியில் ஒரு கேமராவை அருவியைப் பார்த்து மாட்டி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் அவர் வெப்சைட்டில் விழும்படி செய்து கொடுத்தேன்.

முதலில் படத்தின் அடியில் நேரமும் தேதியும் ஓடின. அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"எம்மா, கீழ அந்த நேரம் ஓடுதுல்லா, அத எடுத்துரு. அருவில அழுக்கு ஒட்டுன மாதிரி இருக்கு."

எடுத்துவிட்டேன்.

அந்தக் கேமரா வழியாக அருவியைப் பார்ப்பது எனக்கு என்றுமே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. குற்றாலத்தில் அருவியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காது கேட்டுவிடும். திரையில் அந்த இரைச்சல் கிடையாது. அவ்வளவு தண்ணீர், சத்தமே இல்லாமல், நடுவில் நின்றுகொண்டிருக்கும். சாரல் துளி கேமரா கண்ணாடியில் விழுந்தால் நாலைந்து பேர் முகம் கரைந்து ஒன்றாகிவிடும். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த படம் வரும்போது ஆட்கள் வேறு இடத்தில் இருப்பார்கள், சிலர் இருக்கவே மாட்டார்கள். யாரும் நடந்துபோனதை நான் பார்த்தது கிடையாது. இருந்தார்கள், இல்லை, அவ்வளவுதான்.

அப்பா ரிட்டையர் ஆனதிலிருந்து சீசன் முழுவதும் தினமும் விடியற்காலை பஸ் பிடித்துக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவார். சட்டை, வேட்டி, செல்போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நீலக் கட்டம் போட்ட துண்டோடு இறங்கிவிடுவார். கேமரா வந்த பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. தண்ணீருக்குள் போகும் முன் அவர் லாட்ஜ் மாடியைப் பார்த்து வலது கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். படம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றுதானே, அதனால் அதில் விழும்வரை பொறுமையாக நிற்பார். பக்கத்தில் குளிக்கிறவர்கள் இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் வீட்டில் அதைப் பார்த்து, அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் குரல் கொடுப்பேன். "வந்தாச்சு." பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அம்மா அதன் பிறகுதான் காபியைக் குடிப்பாள்.

போன வருஷம் சீசனில் ஒரு நாள் அண்ணாச்சி போன் செய்தார். "கொல்லத்துப் பார்ட்டி ஒருத்தன் சொல்லுதான், ஒம்ம பக்கம் தொறக்கதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம்னு. என்னன்னு பாரும்மா." எனக்குச் சுருக்கென்றது. என் பக்கத்தை மெதுவானது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. இந்த ரோஷம் அப்பாவிடமிருந்து வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வெப்சைட்டை வேகமாக்குவதற்கு எளிய வழி, பார்க்கிறவர்களின் பிரௌசரிடம் "எடுத்த பிரதியை நீயே வைத்துக்கொள், இத்தனை நாள்வரை திரும்பக் கேட்க வராதே" என்று சொல்லிவிடுவதுதான். மாறாத படங்களுக்கு, லாட்ஜ் பெயர்ப்பலகை, ரூம் படம் போன்றவற்றுக்கு, அப்படிச் சொல்லலாம். எல்லாப் படமும் ஒரே இடத்தில் கிடந்தது. நான் ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வருஷம் என்று எழுதிவிட்டேன். அதில் அருவிப் படமும் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிற படத்துக்கு ஒரு வருஷம்.

எழுதி முடித்து ஓட்டக்காரனில் அருவிப் பக்கத்தைத் திறந்தேன். மணி ஆறு முப்பத்திரண்டு. அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "வந்தாச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். மூடி மறுபடி திறந்தேன். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, வந்து நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று மத்தியானம் அப்பாவை உட்காரவைத்து லாட்ஜின் முதல் பக்கத்தை மட்டும் மூன்றிலும் காட்டினேன். ஏட்டையா, ரைட்டர் இருவரும் வழக்கம்போல. ஓட்டக்காரனுக்கு வந்தபோது அவர் பட்டனை அமுக்குவதற்கு முன்பே பக்கம் வந்துவிட்டது. இன்னொரு தடவை வைத்தோம். அப்போதும் அப்படியே. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டாப்வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரியில்லட்டி."

"என்னப்பா சரியில்ல?"

"இப்படித்தான் ஒருத்தன், ஓட்டத்துல எல்லாருக்கும் முந்தி வந்து நின்னான். மூச்சே வாங்கல. என்னடான்னு பாத்தா, மொத ரவுண்டுலயே வேப்பமரத்துப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, கடைசி ரவுண்டுல கூட்டத்தோட சேந்து வந்திருக்கான். இவ்வளவு சீக்கிரம் ஒருத்தன் வந்தாம்னா, அவன் போகவே இல்லன்னு அர்த்தம்."

"எப்பா, இது கம்ப்யூட்டரு. மரத்துக்குப் பின்னால எல்லாம் ஒளியாது" என்றேன். அவர் விட்டுவிட்டார். சாயங்காலம் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

புதன்கிழமை சாரல் அதிகம். முற்றத்தில் காயப்போட்ட துணி மூன்று நாளாகக் காயாமல், வீடே ஈர நாற்றம் அடித்தது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு, "சட்னி கெட்டியா அரைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு நாற்பதுக்கு ஓட்டக்காரனைத் திறந்தேன். கையைத் தூக்கி நின்றார். "வந்தாச்சு" என்றேன். அம்மா காபியை ஆற்றும் சத்தம் கேட்டது.

ஏழு மணி வாக்கில் வேலைக்காக ரைட்டரைத் திறந்து அதே பக்கத்தைப் போட்டேன். இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொண்டு படம் வந்தது. அதில் தண்ணீருக்கடியில் ஒருவரும் இல்லை. அருவி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு பெரிய கூட்டம் வட்டமாக நின்றது. அத்தனை பேரும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, நடுவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்துக்கு வந்தவர்கள் அருவிக்கு முதுகு காட்டி நின்று நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் சாரல் துளி இருந்ததால் யாருக்கும் முகம் இல்லை.

அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னட்டி கூட்டம்?"

"யாரோ வழுக்கி விழுந்துட்டாங்க போல."

"அப்பா?"

நான் ஓட்டக்காரனைத் திறந்தேன். நொடியில் வந்தது. அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். "இங்கன நிக்குதாவல்லா" என்று காட்டினேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். "இன்னும் கையத் தூக்கிக்கிட்டேயா நிக்குதாவ?"

"படம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்காதாம்மா மாறும்."

"அப்ப இதுல ஏன் யாருமே இல்ல?"

"அது லேட்டாத் தொறந்துச்சுல்லா, அதனால கொஞ்சம் பழைய படமா இருக்கும். இதுதான் ஒடனே வந்துச்சு. இதுதான் இப்ப உள்ளது."

இதை ஒரு தொழில் தெரிந்தவள் சொன்னாள். முந்தின நாள் விடியற்காலையில், பிரதியை ஒரு வருஷம் வைத்துக்கொள் என்று தன் கையால் எழுதியவள் சொன்னாள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். யோசிக்கவில்லை. கேட்டதும் வந்து நின்ற படத்தில் அப்பா நன்றாக இருந்தார், அதோடு என் மூளை நின்றுவிட்டது. "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றுகூடச் சொன்னேன்.

அம்மா இன்னொரு தடவை குனிந்து இரண்டு படத்தையும் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். சட்னி அரைக்கும் மிக்ஸி சத்தம் வந்தது.

ஏழே முக்காலுக்கு ஏட்டையாவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. மழையில் நெட் இழுத்தது. படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மேலே பாறை. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். பிறகு படிக்கட்டு. அதில் ஒரு ஈ காக்காய் இல்லை. சீசன் காலையில், ஏழே முக்காலுக்கு, குற்றாலத்தில் ஒரு ஆள் இல்லை. படம் அடிவரை வருவதற்குள் போன் அடித்தது.

"எம்மா, பதறாத" என்றார் அண்ணாச்சி. "அப்பா துணிப்பை எண்ணெக்காரன்ட்ட இருக்குல்லா..."

விழுந்தவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் இளம்பிள்ளைகள், அப்பாவைப் பார்த்ததில்லை. துணிப்பையை வைத்திருந்த எண்ணெய் தேய்ப்பவர் ஏதோ லாட்ஜில் ஒரு பார்ட்டிக்குத் தேய்த்துவிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, பையை வாங்க ஆளைக் காணோமே என்று தேடிப்போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் யாரென்று தெரியாத ஒருவராக அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மலைமேல் கனமழை என்று குளிக்கவும் தடை போட்டுவிட்டார்கள். அண்ணாச்சியின் லாட்ஜிலிருந்து அந்தப் படிக்கட்டு கூப்பிடு தூரம். நான் ஏழு மணிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவர் வாசலில் வந்து பார்த்திருப்பார்.

நாங்கள் போவதற்குள் உயிர் போய்விட்டது. நெஞ்சுவலி. டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையாகத்தான் பேசினார். "எத்தனை மணிக்கு விழுந்தாருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். கூட வந்திருந்த சித்தப்பா தெரியாது என்றார். அண்ணாச்சி தெரியாது என்றார். எனக்குத் தெரியும், ஏழு மணிப் படத்தில் அந்தக் கூட்டம் இருந்தது. அம்மா என் பக்கத்தில் நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். ஓட்டக்காரனைத் திறந்தேன். நொடியில் வந்தார். கையைத் தூக்கி, மாடியைப் பார்த்து, என்னைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் தண்ணீர் பாதி வழியில் அப்படியே நின்றது. அது செவ்வாய்க்கிழமை காலை ஆறு முப்பத்திரண்டு. புதன்கிழமை நான் "வந்தாச்சு" என்று சொன்னதும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான். புதன்கிழமை அவர் கையைத் தூக்கினாரா என்பதே எனக்குத் தெரியாது. தூக்கியிருந்தால், அதை யாரும் பார்க்கவில்லை.

பக்கத்தைச் சரி செய்தேன். புதிதாகத் திறக்கிறவர்களுக்கு இனி பழைய படம் போகாது. அடியில் நேரத்தையும் மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை அண்ணாச்சி அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வெளியே போன பிரதிகளை நான் திரும்ப வாங்க முடியாது. யார் யார் அந்த நாட்களில் பக்கத்தைத் திறந்தார்களோ அவரவர் பார்த்த நிமிடம் அவரவர் போனில் உட்கார்ந்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த இரண்டு நிமிடத்தில் திறந்தவர்களிடம் அப்பா இருப்பார். எந்த ஊரில், எத்தனை பேரிடம் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி பகல் என்று இல்லாமல் யாரோ ஒருவர் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கத் திறக்கும்போதெல்லாம், அப்பா அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்குவார். 

சீசன் முடியும் தறுவாயில் அண்ணாச்சி ஒரு நம்பரைக் கொடுத்து, "கொல்லத்துக்காரரு, என்னமோ படத்தப் பத்திச் சொல்லுதாரு, எனக்கு வெளங்கல, நீயே பேசு" என்றார். கூப்பிட்டேன். எங்கள் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று குறை சொன்ன அதே ஆள். மலையாளம் கலந்த தமிழில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேடம், ஒங்க அருவியில ஒரு ஆள் எப்பவும் நிக்குது. காலையில நோக்கினாலும் நிக்குது, ராத்திரி நோக்கினாலும் நிக்குது. கை இப்படி ஒயர்த்தி. விளிக்கிற மாதிரி."

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"ராத்திரியில அருவியில எப்படி வெளிச்சம்? என் வைஃப் பயக்குது. வரண்டாம்னு சொல்லுது. அது யார் மேடம்?"

"யாரும் இல்ல சார்" என்றேன். "பழைய படம். மேல வட்டமா ஒரு அம்பு இருக்கும், அத அமுக்குங்க."

அதை அமுக்கும்படி அவர் மனைவியிடம் சொல்வது கேட்டது. பிறகு அவர் நிம்மதியாகச் சொன்னார்: "ஆ... போயி."

போனை வைத்தேன். கொல்லத்தில் இருந்த அப்பாவை நானே அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இருந்தாலும் தோன்றியது.

ஓட்டக்காரனில் அந்த வட்ட அம்பை நான் தொடவில்லை. அதை அமுக்கினால் எங்கள் வீட்டிலும் போய்விடுவார். அந்தப் பிரௌசரில் வேறு எதையும் திறப்பதை நிறுத்தினேன். இடம் போதாமல் பழைய பிரதிகளை அதுவாகவே தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று பயம். எத்தனையோ தடவை புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடட்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்றேன். படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. அதைச் செய்யவும் மனம் வரவில்லை. எடுத்து வைத்தால் அது ஃபோட்டோ. மாலை போட்டு மாட்டிவிட வேண்டியதுதான். ஓட்டக்காரனில் இருக்கும்வரை அது அருவி.

அம்மா தினமும் காலை ஆறரை மணிக்குக் காபி டம்ளரோடு வந்து உட்காருவாள். நான் திறப்பேன். அவள் பார்த்துவிட்டு, "வந்தாச்சு" என்பாள். பிறகு காபியைக் குடிப்பாள். சீசன் முடிந்து, ஐப்பசி மழை முடிந்து, அருவியில் தண்ணீரே இல்லாத பங்குனி வெயிலிலும் ஓட்டக்காரனில் தண்ணீர் கொட்டியது, நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஒரு வருஷமும் அந்தப் புதன்கிழமையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கூட்டத்தைக் காட்டி "அப்பா?" என்று கேட்டவள் அவள். இல்லை என்று நொடியில் பதில் சொன்னவள் நான். என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஒரு வருஷம் என்று நான் எழுதியது தீரும் நாள் வந்தது. முந்தின ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில அந்தப் படம் போயிரும்மா, அதோட ஆயுசு அவ்வளவுதான். அவள் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். ஆறு முப்பத்திரண்டு என்றேன்.

காலையில் சாரல் பிடித்திருந்தது. அம்மா குளித்து, தலையில் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தாள். காபி கொண்டுவரவில்லை. நான் அப்பாவின் ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆறரைக்குத் திறந்தேன். உடனே வந்தார். நன்றாகப் பார்த்தோம். கை விரல்கள் கொஞ்சம் விரிந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். ஒரு வருஷம் பார்த்தும் கவனித்திருக்கவில்லை.

ஆறு முப்பத்து மூன்றுக்கு மூடி, மறுபடி கிளிக் செய்து, ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

திரை வெள்ளையாக நின்றது. ஓட்டக்காரன் வரவில்லை. ஒரு வருஷமாக ஒளிந்திருந்த இடத்தை விட்டு முதல் தடவையாக ஓடப் போயிருந்தான். மழையில் நெட் இழுத்தது. ஐந்து வினாடி. ஆறு. வெள்ளைத் திரையின் வெளிச்சம் எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

"ஏட்டி" என்றாள் அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு அந்தக் கூட்டத்துல, காலுக்கு நடுவுல, அவிய துண்டு கெடந்துச்சு. நீலக் கட்டம். நான் பாத்தேன்."

ஸ்டாப்வாட்சை மடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"பாத்தும் ஒங்கிட்ட கேட்டேன். நீ ஒடனே இந்தப் படத்தக் காட்டுன. துண்டு எல்லாரும்தான் வச்சிருக்காவன்னு நெனச்சுக்கிட்டு, போய்ச் சட்னி அரைச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். குளித்த கை, ஜில்லென்று இருந்தது.

"இந்த ஒரு வருஷமா நீ என்னையக் கேப்பேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

அப்போது படம் வந்தது. சாரலில் இருபது முப்பது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நிற்கும் இடத்தில் வழுக்கைத் தலையோடு யாரோ ஒருவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் மாடியைப் பார்க்கவில்லை. அடியில் நேரம் ஓடியது, ஆறு முப்பத்து நாலு. ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்திருந்தேன். அது என் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்து, எந்தப் பட்டன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, ஓடட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போனாள்.